‘வயசாச்சு’ என்று ஒதுக்கக் கூடாத சோர்வு: குடல் அழற்சி நோயுள்ள முதியோருக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்வோருக்கும் ஒரு வழிகாட்டி

குளித்துவிட்டு வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்த என் அக்கா, தலை துவட்ட எடுத்த துண்டை மடியில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் அப்படியே இருந்ததைப் பார்த்த நாளில்தான், வீட்டில் நாங்கள் எல்லோரும் வயதின் மேல் போட்டுவந்த பழியை மறுபடி யோசிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அவருக்கு அப்போது வயது 71. குரோன் நோய் வந்து இருபது ஆண்டுகள் கடந்திருந்தன. வயிற்றுவலி இல்லை, வயிற்றுப்போக்கு இல்லை, இரத்தம் போகவில்லை. “ஒண்ணுமில்லப்பா, வயசாச்சு” என்றார். பார்த்துக்கொண்டிருந்த மருத்துவரும் அதற்கு முந்தைய மாதம் ஏறத்தாழ அதையேதான் சொல்லியிருந்தார்.

குரோன் நோயையும் அல்சரேட்டிவ் கோலைட்டிஸையும் சேர்த்தே குடல் அழற்சி நோய் என்கிறோம். இளவயதில் வரும் நோய் என்ற பெயர் இதற்கு இருந்தாலும், 60 வயதைத் தாண்டிய பிறகு முதன்முறையாக இந்த நோய் கண்டறியப்படுபவர்கள் உண்டு. இளமையில் வந்த நோயோடு மூப்படைந்தவர்கள் அதைவிட அதிகம். நோய் மூண்டிருக்கும் காலத்தில் பெரும்பாலானோரைச் சோர்வு பிடித்துக்கொள்கிறது. நோய் அடங்கிவிட்டது என்று பரிசோதனைகள் சொல்லும் காலத்திலும் ஏறத்தாழ பாதிப் பேரை அது விடுவதில்லை. ஆகவே வயிறு நன்றாக இருக்கும்போது வரும் சோர்வுக்கும் நோய்க்கும் தொடர்பில்லை என்ற எண்ணத்தை முதலிலேயே விட்டுவிடுவது நல்லது.

முதியோரிடம் இந்தச் சோர்வுக்கு ஒரே காரணம் இருப்பது அரிது. கொஞ்சம் இரும்புச்சத்துக் குறைவு, கொஞ்சம் தசை இழப்பு, இரவில் இரண்டு முறை கெடும் தூக்கம், மயக்கம் தரும் ஒரு மாத்திரை என்று நான்கைந்து சிறு காரணங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்திருக்கும். தனித்தனியாகப் பார்த்தால் ‘இதுவா ஆளைச் சாய்க்கும்’ என்று தோன்றுவதால் எல்லோரும் ஒவ்வொன்றையும் தள்ளிவிட்டுப் போகிறார்கள். செய்ய வேண்டியது, இறக்கக்கூடிய சுமைகளை முதலில் ஒவ்வொன்றாக இறக்கிவிட்டு, எஞ்சியதற்கு ஏற்றபடி நாளை அமைத்துக்கொள்வது. பெரும்பாலான வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது: முதலில் ஓய்வு, பிறகு சத்து டானிக், எல்லாம் பலிக்காதபோது இரத்தப் பரிசோதனை. கீழே சொல்பவற்றில் மருந்தை மாற்றுவது, நிறுத்துவது, அளவு கூட்டுவது தொடர்பான எதையும் உங்கள் மருத்துவரிடம் பேசாமல் செய்ய வேண்டாம்.

சோர்வு என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள்

மருத்துவரிடம் “சோர்வா இருக்கு” என்று மட்டும் சொன்னால், அந்த ஒரு சொல்லுக்குள் அவர் பத்து நோய்களைத் தேட வேண்டியிருக்கும். நேரமில்லாத நாளில் தேடாமலும் விட்டுவிடுவார். நம் அன்றாடப் பேச்சில் இதைப் பிரித்துச் சொல்லச் சொற்கள் உள்ளன. மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குகிறதா? அது இரத்தசோகையையோ இதயத்தையோ நுரையீரலையோ சுட்டலாம். எழுந்து நின்றவுடன் கண் இருட்டித் தலை சுற்றுகிறதா? நீர்ச்சத்து, உப்பு, இரத்த அழுத்தம், அதற்கான மாத்திரை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடியவில்லையா? அது தசையின் பலவீனம். பகலில் பேச்சின் நடுவே கண் சொக்குகிறதா? அது தூக்கத்தின் குறை அல்லது மருந்தின் வேலை. உடம்பு முடிந்தாலும் எதிலும் மனம் ஒட்டவில்லையா? அது மனச்சோர்வாக இருக்கலாம். இவை எதிலும் சேராமல், நன்றாகத் தூங்கி எழுந்த காலையிலேயே யாரோ உடம்பிலிருந்து பலத்தை உருவிக்கொண்டதுபோல் இருப்பதும், படித்த வரியையே மறுபடி படிக்க வேண்டியிருப்பதும்தான் இந்த நோயோடு வரும் சோர்வு. வேலை செய்து வரும் களைப்பு ஓய்வெடுத்தால் போய்விடும். இது அப்படிப் போகாது.

ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் இரண்டு வாரம் எழுதிப் பாருங்கள். காலை, பிற்பகல், இரவு என மூன்று வேளையும் தெம்புக்கு 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண் இடுங்கள். 10 என்பது உங்களுக்கு நினைவிருக்கும் நல்ல நாள்; முப்பது வயதில் இருந்த நாளை அளவாக வைக்க வேண்டாம். என் அக்காவின் நோட்டில் ஒரு நாள் இப்படி இருந்தது: “செவ்வாய். காலை 5, மூன்று மணிக்கு 2, இரவு 3. ராத்திரி எழுந்தது நாலு தடவை, எல்லாம் சிறுநீர். நேற்று அலமாரி முழுக்க ஒழித்தேன்.” இந்த மூன்று வரிகளிலேயே இரண்டு தடயங்கள் கிடைத்தன. ஒன்று, முந்தைய நாள் அலமாரி வேலைக்கு மறுநாள் கொடுத்த விலை. மற்றொன்று, இரவில் எழுந்தது குடலால் அன்று, சிறுநீரால் என்பது. இரவில் எழுவதை மலம், சிறுநீர் என்று பிரித்து எழுதுவது முக்கியம். மலம் கழிக்கவே தூக்கம் கலைந்து எழ நேர்ந்தால் அழற்சி மீண்டும் மூள்வதாக இருக்கலாம். சிறுநீருக்காக என்றால் சர்க்கரை, புராஸ்டேட், நீர் பிரிக்கும் மாத்திரையை எடுக்கும் நேரம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

அழற்சியை அடக்கும் உயிரியல் மருந்தை ஊசியாகவோ நரம்பு வழியாகவோ எடுப்பவர்கள், அந்தத் தேதிகளையும் நோட்டில் குறிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அடுத்த தவணைக்கு முந்தைய சில நாட்களில் தெம்பு சரிந்து, போட்ட பிறகு மீள்வது தெரிந்தால், மருந்தின் அளவு உடலில் சீக்கிரம் குறைந்துவிடுகிறதா என்று இரத்தத்தில் பார்க்கச் சொல்லலாம்.

குடல் உண்மையிலேயே அமைதியாக இருக்கிறதா?

அழற்சியின்போது சுரக்கும் டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-6 போன்ற வேதித் தூதுகள் குடலோடு நின்றுவிடுவதில்லை. மூளைக்கும் எட்டி, காய்ச்சல் நாளில் நாம் போர்த்திப் படுக்க விரும்புவோமே, அதே மந்தத்தை உண்டாக்குகின்றன. வெளியே தெரியாத சிறு அழற்சி இதை நாள்தோறும் செய்துகொண்டிருக்கலாம். முதியவர்களிடம் வயிற்று அறிகுறிகள் மங்கலாகவே தெரிவதும் உண்டு. எனவே அழற்சியைக் காட்டும் இரண்டு புரதங்களை, மலத்தில் கால்புரோடெக்டினையும் இரத்தத்தில் சி.ஆர்.பி.யையும், அளந்து பார்க்கச் சொல்லுங்கள். கால்புரோடெக்டின் ஒரு கிராம் மலத்துக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் பொதுவாக நிம்மதி. 250-ஐத் தாண்டினால் குடலில் அழற்சி இருப்பதற்கான வாய்ப்பு அதிகம். இடைப்பட்ட எண்ணை ஒருமுறை பார்த்து முடிவு கட்ட முடியாது. மூட்டுவலிக்கு எடுக்கும் இபுபுரூஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலிநிவாரணிகளும் இந்த எண்ணை ஏற்றிவிடும் என்பதால், பரிசோதனைக்கு முன் அவற்றை எடுத்திருந்தால் சொல்லிவிட வேண்டும். அந்த மருந்துகள் குடலையும் சிறுநீரகத்தையும் சேர்த்தே கெடுக்கக்கூடியவை. வலிக்குப் பாராசிட்டமால் போதுமா என்று கேட்டுப் பார்ப்பது நல்லது.

வயிற்றுப்போக்கு திடீரெனக் கூடினால் அது நோயின் வேலைதான் என்று தாமாக முடிவெடுக்க வேண்டாம். அண்மையில் ஆன்டிபயாடிக் எடுத்த முதியவர்களைக் கிளாஸ்டிரிடியாய்டீஸ் டிஃபிசில் என்ற கிருமி தாக்குவது சாதாரணம். அதற்கான சிகிச்சையே வேறு.

இரத்தப் பரிசோதனை: இரும்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக

சரிசெய்யக்கூடிய காரணங்களில் முதலிடம் இரும்புச்சத்துக்குத்தான், தவறாகப் படிக்கப்படுவதிலும் அதுவே முதலிடம். ஹீமோகுளோபின் 100 மில்லிலிட்டருக்கு ஆண்களில் 13 கிராமுக்கும் பெண்களில் 12 கிராமுக்கும் கீழே இருந்தால் இரத்தசோகை என்று உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல் சொல்கிறது. ‘இந்த வயதில் 11 இருந்தால் போதும்’ என்பது ஆறுதல் வார்த்தை, அளவுகோல் அன்று. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்பின் கையிருப்பு கரைந்து போயிருக்கலாம், அந்த நிலையிலேயே சிலருக்குச் சோர்வு தொடங்கிவிடுகிறது.

கையிருப்பைக் காட்டுவது ஃபெரிட்டின். அழற்சி இல்லாதபோது ஒரு லிட்டருக்கு 30 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு உறுதி. ஆனால் அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டின் தானாகவே உயர்ந்து காட்டும் என்பதால், 100 வரை இருந்தாலும் குறைபாடு இருக்கக்கூடும். பரிசோதனைத் தாளில் ‘இயல்பு’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துவிட்டு மூடி வைக்கும் இடம் இதுதான். இரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டிரான்ஸ்ஃபெரின் செறிவு என்ற எண்ணையும் சேர்த்துப் பார்த்து, அது 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கிறதா என்று கேளுங்கள். அழற்சி மூண்டிருக்கும்போது கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. அது குடல் இரும்பை உறிஞ்சுவதைத் தடுப்பதோடு, சேமிப்பில் இருப்பதையும் வெளியே விடாமல் பூட்டிவைக்கிறது. குதிரில் நெல் இருந்தும் உலை ஏறாத வீட்டின் நிலை அது.

இதனால்தான் நோய் மூண்டிருக்கும்போது இரும்பு மாத்திரை பெரும்பாலும் வீணாகிறது. ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே இருப்பவர்களுக்கும், அழற்சி அடங்காதவர்களுக்கும், மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் நரம்பு வழியாக இரும்பு ஏற்றுவதே பொருத்தம். நோய் அடங்கியிருந்து, குறைபாடு இலேசாக இருந்தால் மாத்திரை போதும். ஆனால் நாளொன்றுக்கு மாத்திரையிலுள்ள தனி இரும்பின் (உப்பின் மொத்த எடை அன்று) அளவு 100 மில்லிகிராமைத் தாண்ட வேண்டியதில்லை, மிச்சம் குடலில் தங்கி எரிச்சலைத்தான் கூட்டும். தேநீர், காபி, கால்சியம் மாத்திரை ஆகியவற்றோடு சேர்த்து விழுங்கக் கூடாது. தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரமாவது விட வேண்டும். இரும்பு மாத்திரையால் மலம் கறுப்பாகும். ஆனால் தார்போல் பிசுபிசுப்பாக, கடும் நாற்றத்துடன் போனால் அது இரத்தமாக இருக்கலாம், காத்திருக்கக் கூடாது. நரம்பு வழி ஏற்றும் இரும்புகளில் ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் என்ற வகை சிலருக்கு இரத்தத்தில் பாஸ்பேட்டைக் குறைத்து, போட்ட சில வாரங்களில் சோர்வையும் எலும்புவலியையும் தரும். இரும்பு ஏற்றிய பிறகும் நிலைமை மோசமானால் பாஸ்பேட்டைப் பார்க்கச் சொல்ல இதுவே காரணம்.

முதியவருக்கு இரும்பு குறைகிறது என்றால், அதைக் குடல் அழற்சியின் கணக்கிலேயே எழுதிவிடவும் கூடாது. இரத்தம் எங்கிருந்து கசிகிறது, பெருங்குடல் புற்றுநோய் ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பு மருத்துவருக்கு உண்டு. கடைசியாகக் கொலனோஸ்கோபி (பெருங்குடலைக் குழாய்க் கேமராவால் பார்க்கும் பரிசோதனை) எப்போது செய்தீர்கள் என்ற தேதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பி12 வைட்டமின். இது சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உறிஞ்சப்படுவதால், அந்தப் பகுதி நோயுற்றவர்களுக்கும், அறுவை சிகிச்சையில் அதை இழந்தவர்களுக்கும் குறையும். சர்க்கரைக்கான மெட்ஃபார்மினும், வயிற்று அமிலத்தைக் குறைக்க நெடுநாள் எடுக்கும் மாத்திரைகளும் இதே வைட்டமினைக் குறைப்பவை. என் அக்காவுக்கு இந்த மூன்றும் இருந்தன. குடலின் அந்தப் பகுதியை நீக்கி ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அறுவை செய்தவர்கள் ஓர் இடம், சர்க்கரைக்கு மருந்து தந்தவர் வேறோர் இடம், அமில மாத்திரை யார் எழுதிக் கொடுத்தது என்பதே மறந்துபோயிருந்தது. ஹீமோகுளோபின் ஏறத்தாழச் சரியாக இருந்ததால் பி12 பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பாதம் மரத்துப்போவதை அவர் செருப்பின் மேல் பழி போட்டுக்கொண்டிருந்தார். பி12 குறைவு இரத்தசோகை இல்லாமலேயே நரம்பையும் நினைவையும் தாக்கக்கூடியது. குடலின் அந்தப் பகுதியை இழந்தவர்களுக்கு ஊசியே வழக்கமான தீர்வு.

ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமின், குடல் அழற்சிக்கான சல்ஃபாசலசீன், மெத்தோடிரெக்ஸேட் மருந்துகளை எடுப்பவர்களுக்குக் குறையும். ஆனால் பி12 பார்க்காமல் ஃபோலிக் அமிலத்தை மட்டும் எடுத்தால், இரத்தம் தேறியதுபோல் காட்டிக்கொண்டே நரம்புச் சேதம் தொடரலாம். இவற்றோடு வைட்டமின் டி, மெக்னீசியம், பொட்டாசியம், தைராய்டு, சர்க்கரை, சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றையும் ஒரே முறையில் பார்த்துவிடலாம். மூச்சு வாங்குதலோ கால் வீக்கமோ இருந்தால் இதயத்தையும் பார்க்க வேண்டும்.

மாத்திரைப் பையை மேசையில் கொட்டுங்கள்

வீட்டில் உள்ள எல்லா மருந்துகளையும், கடையில் சீட்டில்லாமல் வாங்கியவை, சத்து மாத்திரைகள், நாட்டு மருந்துகள் உட்பட, ஒரு மேசையில் பரப்புங்கள். ஒவ்வொன்றுக்கும் எதற்காக, யார் தந்தது, எப்போதிலிருந்து என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை எழுதுங்கள். விடை தெரியாத மாத்திரை ஒன்றாவது இருக்கும். அந்தப் பட்டியலோடு மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ உட்கார்ந்து பேசுவதற்குத் தனியாக ஒரு நாள் கேளுங்கள். வழக்கமான சந்திப்பின் கடைசி நிமிடத்தில் இது நடக்காது.

ஸ்டீராய்டு தனிக் கவனத்துக்குரியது. பிரெட்னிசோலோன் தொடக்கத்தில் தெம்பு தருவதுபோல் தோன்றினாலும், நாள்பட எடுத்தால் தொடைத் தசைகளைக் கரைக்கும், சர்க்கரையை ஏற்றும், எலும்பை மெலிக்கும், தூக்கத்தைக் கெடுக்கும். காலையில் எடுப்பதால் தூக்கக் கேட்டைக் கொஞ்சம் தவிர்க்கலாம். ஆனால் சில வாரங்களுக்கு மேல் எடுத்தவர்கள் அதைத் திடீரென நிறுத்தவே கூடாது. உடல் தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டான கார்டிசால் அதற்குள் குறைந்துபோயிருக்கும். நிறுத்தினால் கடும் சோர்வு, வாந்தி, தலைசுற்றல், இரத்த அழுத்தச் சரிவு என உயிருக்கே ஆபத்தாகலாம். அளவைக் குறைத்துக்கொண்டு வரும்போது சோர்வு கூடினால் அதையும் இந்தக் கோணத்தில் சொல்ல வேண்டும்.

மெத்தோடிரெக்ஸேட் வாரத்துக்கு ஒருமுறை மட்டுமே எடுக்கும் மருந்து. தவறி நாள்தோறும் எடுத்தவர்கள் இறந்திருக்கிறார்கள். எனவே கிழமையைப் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் எழுதுங்கள். எடுத்த மறுநாள் அசதி இயல்பு என்பதால், மறுநாள் வெளிவேலை இல்லாத கிழமையாகத் தேர்ந்துகொள்ளலாம். குடல் அழற்சியை அடக்க அசதையோபிரின் எடுப்பவருக்கு, யூரிக் அமிலத்துக்காக வேறொருவர் அல்லோபியூரினால் எழுதிக் கொடுத்தால், அசதையோபிரினின் அளவைப் பெரிதும் குறைக்காத நிலையில் எலும்பு மஜ்ஜையே முடங்கலாம். இதை இரு மருத்துவர்களுக்கும் நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். இரத்த அழுத்தத்துக்கான பீட்டா பிளாக்கர், அரிப்புக்கும் சளிக்குமான பழைய வகை ஒவ்வாமை மாத்திரை, தூக்க மாத்திரை, நரம்புவலிக்கான கபாபென்டின், வலிக்கான டிரமடால் ஆகியவை பகல் மந்தத்துக்கு வழக்கமான காரணங்கள். இவற்றிலும் பலவற்றைச் சட்டென நிறுத்தக் கூடாது.

கால்களைச் சோதியுங்கள்

கைப்பிடியில்லாத உறுதியான நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போட்டு, அருகில் ஒருவரை நிறுத்திக்கொண்டு, கைகளை மார்பில் கட்டியபடி ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். 15 நொடிகளுக்கு மேல் பிடித்தால், அல்லது கையூன்றாமல் முடியவே இல்லை என்றால், தசைப் பலம் குறைந்திருக்கிறது என்று பொருள். முதுமை, அழற்சி, ஸ்டீராய்டு, குறைந்த உணவு, படுக்கை என்ற ஐந்தும் சேர்ந்து தின்பது இந்தத் தசையைத்தான். எடை குறையாமல்கூடத் தசை குறைந்திருக்கலாம்.

தசைக்குப் புரதம் வேண்டும். நோயுள்ள முதியவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை பரிந்துரைக்கப்படுகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 72 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம்தான் இருக்கிறது என்று கணக்கிட்டால் இந்த இலக்கு எவ்வளவு தொலைவு என்பது புரியும். ஒரே வேளையில் குவிக்காமல் மூன்று வேளைக்கும் பிரித்துச் சேர்க்க வேண்டும். காலை உணவில்தான் பெரும்பாலும் குறை இருக்கும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் இந்த அளவை மருத்துவரிடம் கேட்காமல் பின்பற்றக் கூடாது. குடலில் சுருக்கம் உள்ளவர்கள் தோலும் நாரும் மிகுந்த உணவில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ‘வயிற்றுக்கு ஆகாது’ என்று ஆண்டுக்கு ஒன்றாக ஒதுக்கி ஒதுக்கி, கடைசியில் நான்கைந்து உணவுகளில் வாழ்பவர்கள் உணவியல் வல்லுநர் ஒருவரைப் பார்த்தே ஆக வேண்டும். என் பார்வையில், ஒதுக்கிய உணவுகளில் பாதியாவது குற்றமற்றவை.

அதே நாற்காலிப் பயிற்சியை மருந்தாகவும் செய்யலாம். வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாட்கள், முடிந்த எண்ணிக்கையில் எழுந்து உட்காருவது, சுவரில் கையூன்றித் தள்ளுவது, மேசையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது ஆகிய மூன்றும் தொடக்கத்துக்குப் போதும். நடையை ஐந்து நிமிடத்தில் தொடங்கி வாரத்துக்கு ஓரிரு நிமிடம் கூட்டுங்கள். மறுநாள் காலை மதிப்பெண் இரண்டுக்கு மேல் சரிந்தால் முந்தைய அளவுக்குத் திரும்பி ஒரு வாரம் இருங்கள். வாரத்துக்கு 150 நிமிட நடை என்ற பொது அறிவுரையை முதல் நாளே பிடிக்க முயன்று, மூன்றாம் நாள் படுத்தவர்கள் அநேகர். நோய் மூண்டிருக்கும் நாட்களில் நடையை விட்டாலும், உட்கார்ந்தபடி காலை நீட்டி மடக்குவதையாவது விடாதீர்கள். படுக்கையில் கழியும் ஒரு வாரத்தில் இழக்கும் தசையை மீட்க முதுமையில் மாதக்கணக்கில் ஆகும்.

எஞ்சிய தெம்பைப் பங்கிடுவது

நோட்டில் இரண்டு வாரம் எழுதியவர்களுக்குத் தங்கள் நாளின் நல்ல நேரம் எது என்று தெரிந்துவிடும். என் அக்காவுக்கு அது காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை. அந்த இரண்டு மணி நேரத்தையும் அவர் சமையலுக்கும் பாத்திரத்துக்கும் கொடுத்துவிட்டு, தமக்குப் பிடித்த தையலுக்குக் கண் சொக்கும் மாலையை வைத்திருந்தார். எந்த வேலை நல்ல நேரத்தில் இருக்க வேண்டும் என்பதை மற்றவர் தீர்மானிக்கக் கூடாது. ஆனால் மிகுந்த உழைப்பைக் கேட்கும் இரண்டு வேலைகளை ஒரே காலையில் வைக்கக் கூடாது என்பதை மட்டும் விதியாக்கிக்கொள்ளலாம்.

குளியல் உழைப்பு மிகுந்த வேலை என்பதை நாங்கள் தாமதமாகவே புரிந்துகொண்டோம். நிற்பது, கையைத் தலைக்கு மேல் தூக்குவது, குனிவது, வெந்நீரின் சூட்டில் இரத்த அழுத்தம் இறங்குவது எல்லாம் சேர்ந்த ஒன்று அது. குளியலறையில் வழுக்காத நாற்காலி ஒன்றைப் போட்டு, துண்டுக்குப் பதில் நீரை உறிஞ்சும் பருத்தி அங்கியை மாட்டிக்கொண்டு, மருத்துவமனைக்குப் போகும் நாளில் முந்தைய இரவே குளித்துவிட்டால், அந்த நாளில் அரை மணி நேரத் தெம்பு மிஞ்சுகிறது. காய் நறுக்குவதை உட்கார்ந்து செய்வது, அடிக்கடி எடுக்கும் பொருள்களை இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்தில் வைப்பது, வெளியே போனால் கழிவறை எங்கே என்று முன்கூட்டித் தெரிந்துகொள்வது ஆகியவை இதே வகை. கடைசியாகச் சொன்னது சோர்வோடு தொடர்பற்றதாகத் தோன்றலாம். ஆனால் அவசரம் வந்துவிடுமோ என்ற பயத்தோடு நிற்பதே ஆளை அசத்திவிடும்.

பெரும் தவறு நல்ல நாளில்தான் நடக்கிறது. மதிப்பெண் 7 வந்த நாளில் ஒரு வாரத்து வேலையை முடித்துவிட்டு அடுத்த மூன்று நாட்கள் படுப்பதைவிட, நல்ல நாளிலும் முடியும் என்று தோன்றுவதில் முக்கால் பங்கோடு நிறுத்துவது கடினமானது, ஆனால் பலன் தருவது. களைத்த பிறகு ஓய்வெடுப்பதைக் காட்டிலும், இருபது நிமிட வேலைக்குப் பின் ஐந்து நிமிடம் என்று களைக்கும் முன்பே ஓய்வை வைத்துக்கொள்ளுங்கள்.

தூக்கத்தைப் பொறுத்தவரை, பகல் தூக்கம் தேவைப்பட்டால் மூன்று மணிக்குள், அரை மணிக்கு மிகாமல் முடித்துக்கொள்வது நல்லது. உரத்த குறட்டையும் நடுவே மூச்சு நின்றுபோவதும் இருந்தால் தூக்கத்தில் மூச்சடைப்பு நோய்க்கான பரிசோதனை செய்ய வேண்டும்.

முதுமையில் தாக உணர்வு மங்கிவிடுவதால், வயிற்றுப்போக்குள்ள முதியவர் தாகமில்லாமலேயே வறண்டுபோகலாம். படுத்திருந்து எழுந்து நின்ற மூன்று நிமிடங்களுக்குள் இரத்த அழுத்தத்தின் மேல் எண் 20 புள்ளி இறங்கினால் கவனிக்க வேண்டும். வீட்டில் கருவி இருந்தால் நீங்களே பார்க்கலாம். சிறுகுடலை வயிற்றின் மேல் திறந்து பொருத்திய இலியோஸ்டமி பை உள்ளவர்கள் நீரோடு உப்பையும் இழப்பதால், வெறும் தண்ணீரை அதிகம் குடிக்கக் குடிக்க நிலைமை மோசமாகும். உப்பு–சர்க்கரைக் கரைசலே உதவும். இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் இதன் அளவைக் கேட்டுக்கொண்டே குடிக்க வேண்டும்.

மனமும் வீட்டாரும்

முதியவர்களின் மனச்சோர்வு பல நேரங்களில் அழுகையாக வெளிப்படாமல் உடல் அசதியாகவே வெளிப்படும். கடந்த இரண்டு வாரங்களில் பெரும்பாலான நாட்கள் மனம் தாழ்ந்திருந்ததா, வழக்கமாகப் பிடித்தவற்றில் நாட்டம் போய்விட்டதா என்ற இரண்டு கேள்விகளுக்கு ஒன்றுக்கேனும் ஆம் என்றால், அதை மருத்துவரிடம் தனியாகச் சொல்ல வேண்டும். எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும் அறிவுசார் நடத்தைச் சிகிச்சை சோர்வைக் கையாளவும் சிலருக்கு உதவுகிறது. இதற்கு வயது வரம்பு எதுவும் இல்லை.

பார்த்துக்கொள்பவர்களுக்கு ஒரு சொல். ‘நல்லாத்தானே இருக்கீங்க’ என்பது பாராட்டாக உங்கள் வாயிலிருந்து வந்தாலும், குற்றச்சாட்டாகவே அவர்கள் காதில் விழும். எல்லா வேலையையும் கையிலிருந்து பிடுங்கிக்கொள்வதும் அதே அளவு கெடுதல். எந்த ஒரு வேலையை நாங்கள் எடுத்துக்கொண்டால் உங்களுக்கு இன்று எளிதாக இருக்கும் என்று கேட்டு, அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நெஞ்சுவலி, ஓய்விலும் மூச்சுத் திணறல், மயங்கி விழுதல், தார்போன்ற கறுப்பு மலம் அல்லது மிகுந்த இரத்தம், காய்ச்சலோடு வயிற்று உப்பல், ஒரே காலில் வலியோடு வீக்கம், திடீர்க் குழப்பம் ஆகியவற்றில் எது வந்தாலும் நோட்டை மூடிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மூன்று மாதத்துக்குப் பிறகு

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்காதீர்கள்; பயிற்சியும் புதிய மாத்திரையும் மாறிய உணவும் ஒன்றாக வந்தால், எது உதவியது, எது கெடுத்தது என்று சொல்ல முடியாது. குறைபாடுகளைச் சரிசெய்வது மட்டும் காத்திருக்க வேண்டியதில்லை. இரும்புச் சிகிச்சை பலித்தால் நான்கு வாரங்களில் ஹீமோகுளோபின் ஏறத்தாழ 2 கிராம் ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் மாத்திரையையே நீட்டிக்காமல் ஏன் என்று கேளுங்கள். சரியான பிறகும் இரும்பு மறுபடி குறையக்கூடியது என்பதால், அடுத்த ஓராண்டுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். பி12 ஊசி போட்டவர்களுக்கு இரத்தம் சில வாரங்களில் தேறினாலும், பாதத்தின் மரமரப்பு குறைய மாதங்கள் ஆகும், சிலருக்கு முழுவதும் போகாது.

மூன்றாம் மாதம் மறுபடி இரண்டு வாரம் எழுதி, முதல் பக்கத்தின் மதிப்பெண்களோடும் நாற்காலிச் சோதனையின் நொடிகளோடும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாளுக்கு நாள் தெரியாத மாற்றம் அதில் தெரியும். என் அக்காவின் பிற்பகல் எண் 2-இலிருந்து 4-க்கு வந்தது, 7 ஆகவில்லை. தையல் இப்போது காலை பத்து மணிக்கு நடக்கிறது, சமையலை ஒருநாள் விட்டு ஒருநாள் நான் பார்த்துக்கொள்கிறேன், உப்பு கூடுதலாக இருக்கிறது என்ற புகாரை அவர் அந்த நோட்டிலேயே எழுதி வைக்கிறார்.